சொத்தை குறைந்த கத்தரி: பூச்சியைத் தாங்கும் ரகத்தை உங்கள் தோட்டத்திலேயே கண்டறிவது எப்படி?

விதைக் கடையில் கத்தரி விதைப் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால், 'பூச்சி, நோய்களைத் தாங்கி வளரக்கூடியது' என்ற வரி பெரும்பாலும் இருக்கும். எந்தப் பூச்சியை, எந்தப் பருவத்தில், எவ்வளவு தாங்கும் என்று அந்த வரி சொல்வதில்லை. கடைக்காரருக்கும் தெரியாது. கத்தரியைப் பொறுத்தவரை இந்தக் கேள்விகளுக்குப் பதில் இல்லாமல் 'தாங்கும்' என்ற சொல்லுக்குப் பொருளே இல்லை.

ஏனென்றால் கத்தரிக்கு ஒரு பூச்சி மட்டும் எதிரி அல்ல. ஒன்று குருத்துக்குள்ளும் காய்க்குள்ளும் புகுந்து தின்கிறது. ஒன்று இலையின் சாற்றை உறிஞ்சுகிறது. ஒன்று இலையைச் சுரண்டிச் சல்லடையாக்குகிறது. இன்னொன்று மண்ணுக்குள் வேரைக் கடிக்கிறது. தத்துப்பூச்சியை விரட்டும் இலை ரோமம், காய்க்குள் இருக்கும் புழுவை ஒன்றும் செய்யாது. காய்ப்புழுவுக்குப் பிடிக்காத கெட்டியான சதையை வெள்ளை ஈ பொருட்படுத்தாது. எல்லாப் பூச்சிகளையும் தாங்கும் கத்தரி ரகம் இன்று வரை இல்லை. தேட வேண்டியது, உங்கள் தோட்டத்தில் அதிக நட்டம் செய்யும் பூச்சியைத் தாங்கும் ரகத்தைத்தான்.

நான்கு சென்ட் நிலமும் ஒரு நோட்டுப் புத்தகமும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் அதை நீங்களே கண்டுபிடிக்கலாம்.

முதல் படி: உங்கள் தோட்டத்துப் பூச்சியை அடையாளம் காணுங்கள்

தமிழ்நாட்டில் பெரும்பாலான கத்தரித் தோட்டங்களில் முதல் எதிரி தண்டு மற்றும் காய்த்துளைப்பான். உழவர்கள் காய்ப்புழு என்றும், அதனால் வரும் சேதத்தைச் சொத்தை என்றும் சொல்கிறார்கள். வெள்ளை இறக்கையில் பழுப்புத் திட்டுகள் கொண்ட சிறிய அந்துப்பூச்சி இரவில் வந்து இலையின் அடியிலும், குருத்திலும், பூ மொட்டிலும், காய்க்காம்பை ஒட்டிய பச்சைத் தொப்பியிலும் முட்டையிடும். மூன்று முதல் ஐந்து நாட்களில் முட்டை பொரியும். வெளிவந்த புழு சில மணி நேரத்துக்குள் செடிக்குள் நுழைந்துவிடும். அதன்பின் முழு வளர்ச்சி அடையும்வரை பெரும்பாலும் உள்ளேயேதான் இருக்கும். வாரம் இரண்டு முறை மருந்து அடித்தும் சொத்தை குறையவில்லை என்று பலர் சொல்வதற்குக் காரணம் இதுதான். மருந்து படும் இடத்தில் புழு இல்லை.

இளம் செடியில் இதன் அடையாளம் தெளிவானது. செடி முழுவதும் பச்சையாக நிமிர்ந்திருக்க, ஒரே ஒரு குருத்து மட்டும் தலை கவிழ்ந்து வாடி நிற்கும். அதை வாட்டத்துக்குச் சற்றுக் கீழே கத்தியால் நறுக்கி நீளவாக்கில் பிளந்து பாருங்கள். நடுச்சோறு தின்னப்பட்டு, ஈரமான எச்சம் அடைத்திருக்கும். அதன் முடிவில் இளஞ்சிவப்பு நிறப் புழு சுருண்டிருக்கும். முழு வளர்ச்சியில் ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டர் நீளம். செடி முழுவதுமே வாடினால் வேறு காரணம் தேட வேண்டும். வாடல் நோயாக இருக்கலாம். அல்லது சாம்பல் நிற மூக்கு வண்டின் புழு வேரைத் தின்றிருக்கலாம். செடியைப் பிடுங்கி வேரைப் பார்த்தால் தெரிந்துவிடும். இலை ஓரங்களில் வண்டு கடித்த அரைவட்டத் தடங்களும் சேர்ந்திருக்கும்.

இலைகளின் ஓரம் மஞ்சளாகி, மேல்நோக்கிக் கிண்ணம்போல் வளைந்து, பிறகு கருகினால் அது தத்துப்பூச்சி. இலையைத் திருப்பினால் வெளிர்பச்சைக் குஞ்சுகள் நேராக ஓடாமல் பக்கவாட்டில் நகரும். இலையின் பச்சை சுரண்டப்பட்டு நரம்பு மட்டும் வலையாக நின்றால் புள்ளி வண்டு. அதன் புழு மஞ்சள் நிறத்தில், உடம்பெல்லாம் முள் முள்ளாக இருக்கும். இலைகள் மிகச் சிறுத்து, கொத்துக் கொத்தாக, பூவே இல்லாமல் நின்றால் அது சிற்றிலை நோய். அதுவும் ஒருவகைத் தத்துப்பூச்சி கொண்டுவந்து சேர்ப்பதுதான். வெள்ளை ஈ, அசுவினி, மாவுப்பூச்சி, சிவப்புச் சிலந்தி ஆகியவற்றைப் பெரும்பாலோர் அறிவார்கள்.

சென்ற பருவத்தை நினைத்துப் பார்த்து, அதிகம் நட்டம் செய்த ஒன்றை, மிஞ்சிப் போனால் இரண்டை, நோட்டில் எழுதுங்கள். ஐந்து பூச்சிகளுக்கு ஒரே ரகத்தில் தீர்வு தேடினால் எதற்கும் தீர்வு கிடைக்காது.

இரண்டாம் படி: செடி எப்படித் தற்காத்துக்கொள்கிறது என்று பாருங்கள்

செடிகளின் பூச்சி எதிர்ப்பை மூன்றாகப் பிரித்துப் பார்க்கும் வழக்கத்தை அமெரிக்கப் பூச்சியியலாளர் பெயின்டர் 1951-இல் வகுத்தார். இன்றும் அந்தப் பிரிவே கைகொடுக்கிறது. பூச்சி செடியை விரும்பாமல் ஒதுங்கிப் போவது ஒன்று. விரும்பி வந்தாலும் தின்ற புழு சரியாக வளராமல் நலிவது இரண்டாவது. பூச்சி தின்றாலும் செடி ஈடுகட்டி மகசூல் தருவது மூன்றாவது. மூன்றும் தோட்டத்தில் வேறு வேறு விதமாக நடந்துகொள்ளும் என்பதால் இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்திருப்பது அவசியம். ஏழாம் படியில் இது மறுபடி தேவைப்படும்.

காய்ப்புழுவைத் தாங்கும் செடியில் கண்ணுக்குத் தெரியும் சில குணங்கள் உண்டு. குருத்துத் தண்டு மெல்லியதாக, நடுச்சோறு குறைவாக, சுற்றியுள்ள நார்த்திசு நெருக்கமாக இருந்தால் புழு நுழைவது கடினம். 1970-களின் தொடக்கத்தில் ஒடிசாவில் நடந்த ஆய்வுகளே இதைச் சுட்டிக்காட்டின. ஒரு குருத்தைக் குறுக்கே நறுக்கினால் உள்ளே பஞ்சுபோன்ற வெண்மை எவ்வளவு பரப்பில் இருக்கிறது என்று பார்க்கலாம். இரண்டு ரகங்களை அருகருகே வைத்து நறுக்கினால் வித்தியாசம் வெறும் கண்ணுக்கே தெரியும்.

காயில் பார்க்க வேண்டியது காம்புத் தொப்பியை. புல்லிவட்டம் என்று பாடப்புத்தகம் சொல்லும் இந்தப் பச்சை உறை காயோடு இறுக ஒட்டியிருக்கிறதா, தளர்ந்திருக்கிறதா? நகத்தை அதன் விளிம்புக்கு அடியில் விட்டுப் பாருங்கள். நகம் எளிதாக உள்ளே போனால், பிறந்த புழுவுக்கும் அது வசதியான நுழைவாயில். காயின் தோல் அங்கே மென்மையாகவும், வெயில் படாமலும், மருந்து படாமலும் இருக்கும். இறுகிய தொப்பி, கெட்டியான தோல், நெருக்கமாக அடுக்கிய விதை, நீண்டு மெலிந்த காய் ஆகியவை பொதுவாகச் சொத்தை குறைந்த ரகங்களில் தென்படும் குணங்கள். பெருத்து உருண்ட, சதை மெத்தென்ற காய்களில் சேதம் பெரும்பாலும் கூடுதல். விதிவிலக்குகளும் உண்டு என்பதால் காயின் வடிவத்தை மட்டும் பார்த்துத் தீர்ப்பு எழுதிவிட வேண்டாம்.

உள்ளே நடக்கும் வேதியியலும் இதே திசையில்தான் போகிறது. ஃபீனால் சேர்மங்கள் மிகுந்து, சர்க்கரை குறைந்த காயில் புழு நலிகிறது. சிக்கல் என்னவென்றால், புழுவுக்குப் பிடிக்காத இதே குணங்கள் நமக்கும் பிடிப்பதில்லை. ஃபீனால் கூடினால் நறுக்கிய காய் சீக்கிரம் கறுக்கும், கசப்பும் துவர்ப்பும் ஏறும். விதை கூடினால் எண்ணெய்க் கத்தரிக்காய்க்கு ஆகாது என்று வீட்டில் ஒதுக்கிவிடுவார்கள். பல தலைமுறைகளாக மென்மையான, விதை குறைந்த, கசப்பில்லாத காயைத் தேர்ந்தெடுத்துத் தேர்ந்தெடுத்து நாமேதான் கத்தரியின் தற்காப்பைக் கழற்றிவிட்டோம் என்பது என் கருத்து. சுண்டை, கண்டங்கத்தரி போன்ற காட்டு உறவுகளிடம் அந்தத் தற்காப்பு இன்னும் மிச்சமிருக்கிறது. ஆனால் அவற்றைக் கத்தரியோடு கலப்பது எளிதல்ல. கலந்தாலும் வாரிசு பெரும்பாலும் மலடாகிவிடுகிறது.

தத்துப்பூச்சிக்குப் பார்க்க வேண்டியது இலையின் அடிப்பக்க ரோமம். அது நரம்புக்குள் முட்டையைச் செருகி வைக்கும் பூச்சி. ரோமம் அடர்த்தியாகவும் நீளமாகவும் இருந்தால் முட்டையிடவும் குஞ்சுகள் சாறு உறிஞ்சவும் இடைஞ்சல். கன்னத்தில் இலையைத் தேய்த்துப் பார்த்தாலே வழுவழுப்பான ரகமும் சொரசொரப்பான ரகமும் பிரிந்துவிடும். ஆனால் பருத்தியில் நாம் கண்ட பாடம் ஒன்று உண்டு: ரோமம் மிகுந்த ரகம் தத்துப்பூச்சியிடம் தப்பி வெள்ளை ஈயிடம் மாட்டிக்கொள்ளும். கத்தரியிலும் ரோமம் மிகுந்த ரகத்தைச் சோதிக்கும்போது வெள்ளை ஈயையும் சேர்த்து எண்ணுங்கள்.

முள்ளைப் பற்றி ஒரு வார்த்தை. வேலூர் இலவம்பாடி முள்ளுக் கத்தரி 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது; சுவைக்குப் பெயர் பெற்ற காய். முள் இருப்பதாலேயே முள்ளுக் கத்தரிகள் பூச்சியைத் தாங்கும் என்று சிலர் நம்புகிறார்கள். ஆட்டைத் தடுக்கும் முள் அந்துப்பூச்சியைத் தடுக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

மூன்றாம் படி: நான்கு ஐந்து ரகங்களைத் தேர்ந்தெடுங்கள்

முதலில் உங்கள் வட்டாரத்து நாட்டு ரகம் ஒன்று. பெயர்பெற்ற பல ரகங்கள் அங்கிருந்துதான் வந்திருக்கின்றன. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ 2, வரிக் கத்தரியிலிருந்து தேர்வு செய்யப்பட்டது. மதுரையில் வெளியான எம்.டி.யூ. 1, கல்லம்பட்டி நாட்டுக் கத்தரியிலிருந்து வந்தது. உங்கள் ஊரில் 'இதில் சொத்தை கம்மி' என்று பெரியவர்கள் சொல்லும் ஒரு கத்தரி இருக்கும். அதை விட்டுவிடாதீர்கள். விதைத் திருவிழாக்களிலும் கேட்டு வாங்கலாம்.

இரண்டாவது, வெளியிடப்பட்ட ரகங்களில் ஒன்றிரண்டு. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தேர்வு செய்யப்பட்ட 'அண்ணாமலை' ரகம் அசுவினியைத் தாங்குவதற்குப் பெயர் பெற்றது. உத்தராகண்டின் பந்த்நகர் பல்கலைக்கழகம் வெளியிட்ட பந்த் சாம்ராட் என்ற நீளக் கத்தரியில் காய்ப்புழுவும் தத்துப்பூச்சியும் குறைவு என்று பதிவாகியிருக்கிறது. பஞ்சாபின் பர்சாதி ரகமும் காய்ப்புழுவை ஓரளவு தாங்கும் பட்டியலில் வருவது. வடக்கே நன்றாக நின்ற ரகம் நம் வெயிலிலும் அப்படியே நிற்கும் என்று சொல்ல முடியாது. சோதனை செய்வதே அதற்காகத்தான். இங்கே ஒரு குழப்பத்தையும் தவிர்க்க வேண்டும். பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா நிதி, அர்கா கேசவ் போன்றவை பாக்டீரியா வாடலைத் தாங்கும் ரகங்கள். அது நோய் எதிர்ப்பு. சுண்டை வேரில் ஒட்டுக்கட்டிய கத்தரி நாற்றும் அப்படித்தான்: வாடலுக்கும் நூற்புழுவுக்கும் நல்லது, ஆனால் மேலே காய்ப்பது அதே பழைய கத்தரி என்பதால் காய்ப்புழுவுக்கு அதே விருந்துதான்.

மூன்றாவது, நீங்கள் இப்போது பயிர் செய்யும் ரகம். அது கட்டாயம் வேண்டும். நான்காவது, எல்லோருக்கும் தெரிந்து மோசமாகச் சொத்தை விழும் ரகம் ஒன்று. இதை ஏன் நடச் சொல்கிறேன் என்பது அடுத்த படியில் விளங்கும்.

பி.டி. கத்தரி பற்றி இந்த இடத்தில் கேள்வி எழும். மண்ணில் வாழும் பாக்டீரியம் ஒன்றின் மரபணுவைச் சேர்த்து, காய்ப்புழுவைக் கொல்லும் புரதத்தைச் செடியே உருவாக்கும்படி செய்த கத்தரி அது. மகாராஷ்டிர நிறுவனமான மாகிகோ உருவாக்கியது; கோவையின் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் கர்நாடகத்தின் தார்வாடு வேளாண் பல்கலைக்கழகமும் அதைத் தங்கள் ரகங்களில் சேர்த்தன. ஒன்றிய அரசின் மரபணுப் பொறியியல் ஒப்புதல் குழு 2009 அக்டோபரில் அனுமதித்தது. கடும் எதிர்ப்புக்குப் பிறகு 2010 பிப்ரவரியில் அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் நிறுத்தி வைத்தார். அந்தத் தடை நீங்கவில்லை. வங்கதேசத்தில் 2013-இல் நான்கு ரகங்களுக்கு அனுமதி கிடைத்து, 2014-இல் உழவர்களுக்கு நாற்று வழங்கப்பட்டது. இந்தியாவில் யாராவது 'பி.டி. விதை இருக்கிறது' என்று கையில் திணித்தால் வாங்காதீர்கள். 2019-இல் ஹரியானாவில் அனுமதியற்ற பி.டி. கத்தரி வயல் கண்டறியப்பட்டு அழிக்கப்பட்டது. அதை ஆதரிப்பவர்களும் எதிர்ப்பவர்களும் வாதத்தில் மறந்துவிடும் ஒன்று, அந்தப் புரதம் தத்துப்பூச்சி, வெள்ளை ஈ, சிலந்தி எதையும் தொடாது என்பது. சாறு உறிஞ்சிகளுக்கு வங்கதேச உழவரும் தனியாக வழி தேடத்தான் வேண்டும்.

நான்காம் படி: சோதனைப் பாத்தி

ஐந்து ரகங்களுக்கு, ரகத்துக்கு மூன்று வரிசை வீதம் பதினைந்து வரிசைகள். வரிசைக்கு 20 செடி, 60 சென்டிமீட்டர் இடைவெளி. ஓரத்தைச் சுற்றி ஒரு வரிசையோடு சேர்த்தால் நான்கு சென்ட் தாராளம்.

ஒரு ரகத்தின் மூன்று வரிசைகளையும் பக்கத்தில் பக்கத்தில் நட்டுவிடுவது பலரும் செய்வது. அப்படிச் செய்தால் வரப்போரத்து நிழலோ வாய்க்கால் ஈரமோ ஒரே ரகத்தின் தலையில் விழும். நிலத்தை மூன்று பட்டைகளாகப் பிரியுங்கள். ஒவ்வொரு பட்டையிலும் ஐந்து ரகமும் ஒரு வரிசை வர வேண்டும். எது எங்கே என்பதைத் துண்டுச் சீட்டு எழுதிக் குலுக்கிப் போட்டு முடிவு செய்யுங்கள். மூன்று பட்டைக்கும் மூன்று முறை குலுக்க வேண்டும். ஒவ்வொரு வரிசைத் தலைப்பிலும் ரகத்தின் பெயரை எழுதாமல் எண்ணை மட்டும் எழுதிய குச்சியை நடுங்கள். பெயர் நோட்டில் இருக்கட்டும். பெயர் தெரிந்தால், பிடித்த ரகத்தின் சொத்தையைக் கண் தானாகவே தள்ளிவிட்டுப் போகும்.

மோசமாகச் சொத்தை விழும் அந்த நான்காவது ரகத்தை, மற்றவற்றைவிட இரண்டு வாரம் முன்னதாகவே சுற்றிலும் ஓர் ஓர வரிசையாக நட்டுவிடுங்கள். பூச்சி அங்கே முதலில் பெருகி, பிறகு உள்ளே பரவும். பூச்சியே வராத வருடத்தில் எல்லா ரகமும் நல்ல ரகம்தான். அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. இதே ரகம் உள்ளேயும் ஐந்தில் ஒன்றாக இருக்கட்டும்.

நாற்று 30 முதல் 35 நாள் வயதில், எல்லா ரகமும் ஒரே நாளில் நட வேண்டும். உரம், தண்ணீர், களை எல்லாமே எல்லாவற்றுக்கும் ஒன்றுபோல். யூரியாவை அள்ளிப் போடாதீர்கள். தழைச்சத்து கூடினால் குருத்து மென்மையாகி எந்த ரகமும் காய்ப்புழுவுக்கும் தத்துப்பூச்சிக்கும் இடம் கொடுக்கும். ரகங்களுக்கு இடையே உள்ள வேறுபாடு மறைந்துபோகும்.

மருந்து தெளிக்கக் கூடாது என்பதே விதி. பக்கத்து வயலில் அடிக்கும் மருந்து காற்றில் வரும் இடத்தைத் தவிர்த்துவிடுங்கள். பயிர் முற்றிலும் அழியும் நிலை வந்தால், எல்லா வரிசைக்கும் ஒரே நாளில் ஒரே தெளிப்பு. ஒரு வரிசை மோசமாக இருக்கிறதே என்று இரக்கப்பட்டு அதற்கு மட்டும் வேப்பங்கொட்டைச் சாறு தெளித்தால் சோதனை அன்றோடு முடிந்தது.

தமிழ்நாட்டில் டிசம்பர்–ஜனவரி, மே–ஜூன் என இரண்டு விதைப்புப் பருவங்கள் உண்டு. முடிந்தால் இரண்டிலும் சோதியுங்கள். வெக்கையும் ஈரமும் சேர்ந்த காலத்தில் காய்ப்புழு ஓங்கும். வறண்ட கோடையில் சிலந்தியும் வெள்ளை ஈயும் மேலெழும்.

ஐந்தாம் படி: எண்ணுவது

ஒவ்வொரு வரிசையிலும் நடுவில் உள்ள பத்துச் செடிகளுக்கு மட்டும் நூல் கட்டி அடையாளம் வையுங்கள். எண்ணுவது அவற்றில்தான். ஓரச் செடிகளில் பக்கத்து ரகத்தின் பாதிப்பு கலந்திருக்கும்.

நட்ட மூன்றாவது வாரத்திலிருந்து பூக்கும் வரை, வாரம் ஒரு நாள், மொத்தக் குருத்து எத்தனை, வாடியது எத்தனை என்று எண்ணி எழுதுங்கள். எண்ணிய வாடல் குருத்தை அன்றே நறுக்கி எடுத்துவிடுங்கள்; இல்லாவிட்டால் அடுத்த வாரமும் அதையே எண்ணுவீர்கள். எல்லா ரகத்திலும் ஒன்றுபோல நறுக்குவதால் ஒப்பீடு கெடாது.

தத்துப்பூச்சியை விடியற்காலையில் எண்ண வேண்டும். வெயில் ஏறினால் இலையைத் தொட்டதுமே பறந்துவிடும். ஐந்து செடிகளில், செடிக்கு மேல், நடு, கீழ் என மூன்று இலைகள். காம்பை மெதுவாகப் பிடித்துத் திருப்பி, இறக்கை முளைக்காத குஞ்சுகளை மட்டும் எண்ணுங்கள். பெரியவை இங்கும் அங்கும் பறப்பவை; குஞ்சுகள்தான் அந்த ரகத்திலேயே பிறந்து வளர்பவை.

காய்க்கத் தொடங்கியதும் குருத்தை விட்டுக் காய்க்கு வாருங்கள். நான்கைந்து நாளுக்கு ஒரு முறை நடக்கும் ஒவ்வொரு பறிப்பிலும், வரிசை வாரியாக நல்ல காய், சொத்தைக் காய் இரண்டையும் தனித்தனியே எண்ணியும் எடை போட்டும் எழுத வேண்டும். இதில் ஏமாற்றும் இடம் ஒன்று இருக்கிறது. புழு நுழைந்த துளை நுண்ணியது, காய் வளர வளர ஆறி மூடிவிடும். வெளியில் நாம் பார்க்கும் பெரிய துளை பெரும்பாலும் புழு வெளியேறியது. எனவே துளை தெரியாத காய்க்குள்ளும் புழு இருக்கலாம். ஒவ்வொரு பறிப்பிலும் வரிசைக்கு ஐந்து 'நல்ல' காய்களைக் காம்போரமிருந்து நெடுக்கே பிளந்து பாருங்கள். இரண்டில் புழு இருந்தால் உங்கள் நல்ல காய்க் கணக்கு நம்பத் தக்கதல்ல. மண்டிக்குப் போன பிறகு வாங்கியவர் வீட்டு அரிவாள்மனையில் தெரியும்.

ஆறாம் படி: கணக்கு

சொத்தைக் காய்களை மொத்தக் காய்களால் வகுத்து நூறால் பெருக்கினால் சேத விழுக்காடு. ஒரு வரிசையில் மொத்தம் 412 காய், அதில் 74 சொத்தை என்றால் 18 விழுக்காடு. ஆய்வுகளில் அடிக்கடி பயன்படும் ஓர் அளவுகோல் இப்படி: 10 விழுக்காடு வரை நல்ல எதிர்ப்பு, 11 முதல் 20 வரை மிதமான எதிர்ப்பு, 21 முதல் 30 வரை தாங்கும், 31 முதல் 40 வரை எளிதில் தாக்கப்படும், அதற்கு மேல் மிக எளிதில் தாக்கப்படும்.

இந்த அளவுகோலை அப்படியே நம்பாமல், ஓர வரிசையில் நட்ட மோசமான ரகம் உள்வரிசைகளில் எவ்வளவு சேதம் கண்டது என்று பாருங்கள். அதில் 50 விழுக்காடு சொத்தை விழுந்த பருவத்தில் 18 விழுக்காட்டோடு நின்ற ரகம் உண்மையிலேயே தாங்கியிருக்கிறது. அதிலேயே 20 விழுக்காடுதான் என்றால், அந்தப் பருவத்தில் பூச்சி குறைவு. 18 என்ற எண்ணுக்கு மதிப்பில்லை.

மூன்று வரிசைகளின் எண்களையும் சராசரி எடுக்கும் முன் தனித்தனியே பாருங்கள். ஒரு ரகத்தில் 16, 18, 21 என்று வந்தால் அது ரகத்தின் குணம். 9, 19, 38 என்று சிதறினால் அது நிலத்தின் குணம். இரண்டு ரகங்களின் எண்கள் ஒன்றுக்குள் ஒன்று கலந்து கிடந்தால் அவற்றுக்குள் வித்தியாசம் இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது நல்ல காயின் எடை. முடிவு இங்கேதான். ஒரு ரகம் 60 கிலோ காய்த்து 49 கிலோ நல்ல காய் தருகிறது. இன்னொன்று 95 கிலோ காய்த்து, மூன்றில் ஒரு பங்கு சொத்தையாகியும் 62 கிலோ நல்ல காய் தருகிறது. காகிதத்தில் முதல் ரகம் எதிர்ப்பு உள்ளது. கையில் காசு தருவது இரண்டாவது. பெயின்டர் சொன்ன மூன்றாவது வகை இதுதான்: பூச்சி தின்றாலும் ஈடுகட்டும் செடி. ஆனால் அதில் 33 கிலோ சொத்தைக் காய் தோட்டத்திலேயே சேர்கிறது. அதைப் பொறுக்கி அழிக்க ஆள் கூலி உண்டு. அழிக்காவிட்டால் அத்தனை புழுவும் அந்துப்பூச்சியாகும். சின்னத் தோட்டத்தில், வீட்டு ஆட்களே வேலை செய்யும் இடத்தில் இரண்டாவது ரகம் சரி. ஆள் கிடைக்காத பெரிய பரப்புக்கு நான் முதல் ரகத்தையே சொல்வேன்.

பறித்த காயைச் சமைத்துப் பார்ப்பதும் கணக்கில் சேர்ந்ததுதான். கசக்கும் காயைச் சந்தையில் இரண்டாம் முறை யாரும் வாங்க மாட்டார்கள்.

ஏழாம் படி: தனியாக நட்டுப் பாருங்கள்

பெரும்பாலோர் ஆறாம் படியோடு நிறுத்திவிடுகிறார்கள். ஏமாற்றம் அங்கிருந்துதான் வருகிறது. ஐந்து ரகங்கள் அருகருகே நிற்கும்போது அந்துப்பூச்சிக்குத் தேர்வு இருக்கிறது. பிடித்த ரகத்துக்குப் போகும், பிடிக்காததை விட்டுவிடும். பிடிக்காத ரகத்தை நீங்கள் ஓர் ஏக்கர் முழுக்க நட்டுவிட்டால்? வேறு வழியில்லாத தாய்ப்பூச்சி அதிலேயே முட்டையிடும். சோதனைப் பாத்தியில் 12 விழுக்காடாக இருந்த சொத்தை, தனிப் பயிரில் 30-ஐத் தாண்டலாம். ரகம் மாறவில்லை, அதன் எதிர்ப்பு 'ஒதுங்க வைக்கும்' வகையாக மட்டுமே இருந்திருக்கிறது.

எனவே தேர்ந்த ரகத்தை அடுத்த பருவத்தில், மற்றக் கத்தரிகளிலிருந்து இயன்ற தொலைவில், ஐந்து சென்ட்டில் தனியாக நடுங்கள். அங்கேயும் சேதம் குறைவாக இருந்தால் புழுவை உள்ளேயே நலியச் செய்யும் குணம் அதில் இருக்கிறது. சொத்தைக் காய்களைப் பிளந்து பார்த்தால் அதற்குச் சான்றும் கிடைக்கும்: சிறுத்த புழுக்கள், உள்ளேயே செத்த புழுக்கள், சற்றே துளைத்துவிட்டுக் கைவிட்ட தடங்கள்.

ஒதுங்க வைக்கும் எதிர்ப்பு மட்டுமே உள்ள ரகத்தைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. எளிதில் தாக்கப்படும் ரகத்தை ஓரத்தில் பொறிப்பயிராக நட்டு, அதில் வாடும் குருத்துகளையும் சொத்தைகளையும் விடாமல் எடுத்து அழிக்க முடியுமானால் நடுவில் இந்த ரகம் நிற்கும். எடுத்து அழிக்க முடியாதென்றால் இந்த யோசனை வேண்டாம். ஓரமே பூச்சிப் பண்ணையாகிவிடும்.

ரகத்தோடு சேர்த்துச் செய்ய வேண்டியவை

மிதமாகத் தாங்கும் ரகத்துக்குச் சில எளிய வேலைகள் துணை சேர்ந்தால் சொத்தை வெகுவாகக் குறையும். தைவானில் தலைமையகம் கொண்ட உலகக் காய்கறி மையம் 2000-களின் தொடக்கத்தில் இந்தியா, வங்கதேசம், இலங்கை நாடுகளில் பரப்பிய முறையின் சாரம் மூன்றே வேலைகள்தான்: வாடிய குருத்தை வாரம்தோறும் நறுக்கி அழிப்பது, பெண் பூச்சியின் வாசனையால் ஆண் பூச்சியை இழுக்கும் இனக்கவர்ச்சிப் பொறி வைப்பது, கண்மூடித்தனமான மருந்து தெளிப்பை நிறுத்தி இயற்கை எதிரிகளுக்கு இடம் விடுவது. பொறி ஏக்கருக்கு ஐந்து போதும். அதில் விழுவது ஆண் பூச்சி மட்டுமே என்பதால் பொறி நிரம்பினால் பிரச்சினை தீர்ந்தது என்று எண்ணிவிடக் கூடாது.

செயற்கைப் பைரித்ராய்டு மருந்துகளை விட்டு விலகுங்கள். காய்ப்புழுவுக்கென்று அடித்து வெள்ளை ஈயையும் சிலந்தியையும் பெருக்கிக்கொண்ட தோட்டங்கள் ஏராளம். காய்ப்பு முடிந்த செடியை வெட்டி மறுபடி தழைக்க வைக்கும் மறுதாம்பு விடுவதும் வேண்டாம். காய்ப்பு முடிந்த செடிகளைப் பிடுங்கி விறகுக்கென்று வரப்பில் குவித்து வைப்பது நம் ஊர்ப் பழக்கம். அந்தக் குவியலில் கூட்டுப்புழுக்கள் இருக்கும். ஒரு வாரம், பத்து நாளில் அந்துப்பூச்சியாகி அடுத்த நாற்றங்காலுக்கு வந்து சேரும். பிடுங்கிய அன்றே எரியுங்கள், அல்லது ஆழப் புதையுங்கள். பக்கத்துத் தோட்டக்காரரும் இதைச் செய்தால்தான் பயன். அவரிடம் போய்ப் பேசுவதும் இந்த வேலையில் ஒரு பகுதி.

எட்டாம் படி: விதை எடுப்பது

தேர்ந்தது வீரிய ஒட்டு ரகமாக இருந்தால் விதை எடுத்துப் பயனில்லை, வாங்கத்தான் வேண்டும். நாட்டு ரகமோ, தேர்வு ரகமோ என்றால் விதை உங்களுடையது. சேமிக்கவும் பகிரவும் 2001-ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டம் உங்களுக்கு உரிமை தருகிறது. தனியாக நட்ட ஐந்து சென்ட்டில் சேதம் மிகக் குறைவாக இருந்த செடிகளுக்கு முன்பே வண்ணத் துணி கட்டி வையுங்கள். நன்றாகக் காய்த்த செடிகளாகவும் இருக்க வேண்டும். காயே இல்லாத செடியில் சொத்தையும் இருக்காது.

கத்தரி தன்மகரந்தச் சேர்க்கைப் பயிர் என்றாலும் தேனீக்கள் வழியாகக் கலப்பும் நடக்கும். சான்று விதைக்கு 100 மீட்டர் விலகு தூரம் வைப்பது அதனால்தான். அவ்வளவு இடம் இல்லாதவர்கள், நாளை விரியப்போகும் மொட்டை இன்று மாலையே மெல்லிய துணிப் பையால் மூடிக் கட்டிவிடலாம். பிஞ்சு பிடித்ததும் பையைக் கழற்றிக் காம்பில் நூலைக் கட்டுங்கள். காய் மஞ்சளாகிப் பழுத்த பிறகு விதை எடுத்து, அலசி, மூழ்கும் விதையை மட்டும் நிழலில் உலர்த்துங்கள். பாட்டிலின் மேல் ரகத்தின் பெயரோடு, எந்தப் பருவம், அப்போது சேத விழுக்காடு எவ்வளவு என்பதையும் எழுதி ஒட்டுங்கள்.

இனி வரும் ஒவ்வொரு பருவத்திலும், தோட்டத்தின் ஒரு மூலையில் அந்த மோசமான ரகத்தை ஒரே ஒரு வரிசை நட்டுவாருங்கள். உங்கள் ரகத்தில் சொத்தை கூடும் வருடம் ஒன்று வரும். அப்போது ரகம் தளர்கிறதா, இல்லை அந்த வருடம் பூச்சி மிகுதியா என்று சொல்ல அந்த வரிசை ஒன்றுதான் இருக்கும்.